ஐடியா என்னுடையது, கோடிங் உன்னுடையது

ஸ்டார்ட்-அப் தொடங்க நினைக்கிறவர்களிடையே ஒரு கணக்கு ஊறிப்போயிருக்கிறது. ஒருவரிடம் தொழிலுக்கான ஐடியா இருக்கிறது. சாஃப்ட்வேர் எழுதத் தெரியாது. ஆகவே எழுதத் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்து, 'டெக்னிகல் கோ-ஃபவுண்டர்' என்று பெயர் சூட்டி, ஐந்தோ பத்தோ சதவீதப் பங்கை எழுதிக்கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். சென்னையின் தென்புறத்தில் இந்தக் கணக்கு இன்னும் சுலபமாகத் தெரிகிறது. குரோம்பேட்டையில் எம்.ஐ.டி., வண்டலூரில் கிரசென்ட், காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம்., அந்தப் பக்கம் பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை ஐ.டி. கட்டடங்கள். வீட்டுக்கு ஓர் இன்ஜினியர் இருக்கிற வட்டாரத்தில் ஒரே ஒருவர் கிடைக்க மாட்டாரா என்கிறார்கள்.

வெறும் ஆசை என்று இதைத் தள்ளிவிட முடியாது. தனி ஆளாகத் தொடங்கும் நிறுவனம் தாக்குப்பிடிக்காது என்பது முதலீட்டாளர்களின் பரவலான எண்ணம். முதலீட்டு நிறுவனமான ஒய் காம்பினேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் கிரஹாம், ஸ்டார்ட்-அப்களைக் கவிழ்க்கும் 18 தவறுகளை 2006இல் பட்டியலிட்டபோது முதலில் வைத்ததே ஒற்றை நிறுவனரைத்தான். விற்கத் தெரிந்தவரும் செய்யத் தெரிந்தவரும் வேறுவேறு ஆட்களாக இருப்பது எந்தத் தொழிலிலும் உண்டு. செய்கிறவர் வெறும் சம்பளக்காரராக இருந்தால், கூடுதல் சம்பளம் கிடைத்த மாதமே கிளம்பிவிடுவார் என்ற பயமும் பொய்யில்லை. ஆக, கூட்டாளி வேண்டும் என்கிற வரையில் கருத்து சரி. அந்தக் கூட்டாளியை ஐடியா வந்தபிறகு ஆள் எடுப்பதுபோல் எடுக்கலாம், பங்கைக் காட்டி வாங்கலாம், ஆப் தயாரானதும் ஓரமாக உட்காரவைக்கலாம் என்று அதிலிருந்து இழுக்கிற முடிவுகள்தான் தவறு.

உரசிப் பார்க்க இரண்டு பெரிய உதாரணங்கள் இதே வட்டாரத்தில் இருக்கின்றன. 1996இல் தாம்பரத்தில் ஒரு வீட்டிலிருந்து வேலையைத் தொடங்கிய அட்வென்ட்நெட் 2009இல் ஜோஹோ கார்ப்பரேஷன் ஆனது. இன்று அதன் வளாகம் ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரி அருகே நிற்கிறது. 2010இல் கீழ்க்கட்டளையில் 700 சதுர அடி இடத்தில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க், ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021 செப்டம்பரில் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. ஸ்டார்ட்-அப் கூட்டங்களில் இந்த இரண்டு பெயரும் அடிபடாத நாளில்லை. ஆனால் இரண்டுமே மேற்படி கணக்குக்கு எதிர்ச்சாட்சி.

1. ஐடியாவுக்கு என்ன விலை? கணக்குப் போடுகிறவர் 90 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறார். ஃப்ரெஷ்டெஸ்க்கின் ஐடியா எங்கிருந்து வந்தது என்பது ஊரறிந்த கதை. ஹெல்ப்டெஸ்க் சாஃப்ட்வேர் விற்கும் ஜென்டெஸ்க் நிறுவனம் தன் கட்டணத்தை ஒரேயடியாக உயர்த்தியது, வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள், ஹேக்கர் நியூஸ் தளத்தில் ஒருவர், நியாயமான விலையில் வேறொன்றைக் கொண்டுவர இதுதான் சமயம் என்கிற மாதிரி எழுதினார். உலகத்தில் இணையம் இருக்கிற எவரும் படித்திருக்கக்கூடிய வரி அது. ரகசியம் எதுவும் அதில் இல்லை. ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதத்திடம் இருந்தது வேறு. அவர் 2001இல் அட்வென்ட்நெட்டில் சேர்ந்து, அந்த நிறுவனத்துக்காக ஹெல்ப்டெஸ்க் சாஃப்ட்வேர்களை உருவாக்கி விற்றவர். யார் வாங்குவார், எதற்காக வாங்குவார், எந்த வசதி இல்லையென்றால் டெமோ பார்த்த பத்தாவது நிமிடத்தில் எழுந்து போவார் என்பதெல்லாம் கைப்பழக்கமாகத் தெரிந்தவர். அந்த ஐடியா அவர் கையில் சேர்ந்ததால் மதிப்புப் பெற்றது.

'பிசினஸ் பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற வாக்குறுதியையும் இங்கேயே பிரித்துப் பார்த்துவிடலாம். சாஃப்ட்வேர் தயாராகும்வரை பார்த்துக்கொள்ள என்ன பிசினஸ் இருக்கிறது? பெரும்பாலும் லோகோ, விசிட்டிங் கார்டு, பி.பி.டி. அட்வென்ட்நெட்டில் வேலைப் பிரிவு எப்படி இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் நிறுவனர்களில் ஒருவரான டோனி தாமஸ் அமெரிக்காவில் நெட்வொர்க் நிர்வாக சாஃப்ட்வேரை எழுதத் தொடங்கினார். இன்னொரு நிறுவனரான ஸ்ரீதர் வேம்பு ஐ.ஐ.டி. மெட்ராஸ், பிரின்ஸ்டன் டாக்டர் பட்டம், குவால்காம் வேலை என்று வந்த பொறியாளர். அப்படிப்பட்டவர் விற்பனைக்குப் போனார். விற்கிற சரக்கு என்னவென்று உள்ளே வரை தெரிந்த விற்பனையாளர். அமெரிக்காவிலேயே பார்த்தாலும், 'நான் ஸ்டீவ் ஜாப்ஸ் மாதிரி, எனக்கு ஒரு வாஸ்னியாக் வேண்டும்' என்கிறவர்கள் ஒரு விவரத்தை விட்டுவிடுகிறார்கள். ஆப்பிள் தொடங்கிய 1976இல் பைட் ஷாப் கடைக்காரர் பால் டெரலிடமிருந்து கம்ப்யூட்டர் ஒன்றுக்கு 500 டாலர் வீதம் 50 கம்ப்யூட்டர்களுக்கு ஆர்டர் வாங்கி வந்தவர் ஜாப்ஸ். வாஸ்னியாக்கின் முன் அவர் நீட்டியது வாங்கத் தயாராக நின்ற ஓர் ஆள். ஐடியாவைச் சொல்வதற்கு முன்பே ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறவர்கள், அந்தப் பத்திரத்துக்குப் பதில் ஓர் ஆர்டரைக் கொண்டுவந்தால் பாதி வேலை முடியும்.

2. பத்து சதவீதம் தாராளமா? கணக்குப் போட்டே பார்க்கலாம். மாதம் ஒன்றரை லட்சம் சம்பளம் வாங்கும் இன்ஜினியர் ஒருவர், வேலையை விட்டுவிட்டு 18 மாதம் சம்பளமில்லாமல் உழைப்பதாக வைத்துக்கொண்டால் அவர் இழப்பது 27 லட்சம். அதற்கு ஈடாக 10 சதவீதப் பங்கு என்றால், நிறுவனத்தின் மொத்த மதிப்பு 2 கோடியே 70 லட்சம் என்று ஒப்புக்கொண்டு அவர் பணம் போடுகிறார் என்று பொருள். வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லாத, வங்கிக் கணக்கில் இருபதாயிரம் ரூபாய் கிடக்கிற நிறுவனத்துக்கு! 27 லட்சத்தைக் காசாக எடுத்துவரும் வெளியாள் இந்த மதிப்பைக் கேட்டால் சிரிப்பார். ஒப்புக்கொண்டாலும் தாள்களைப் பார்ப்பார், முன்னுரிமைப் பங்கு கேட்பார், தன் அனுமதியில்லாமல் இன்னின்னது செய்யக்கூடாது என்று எழுதி வாங்குவார். இன்ஜினியர் மட்டும் நம்பிக்கையின் பேரில் வர வேண்டும். வரவில்லையென்றால் அவருக்கு 'ரிஸ்க் எடுக்கும் மனசு இல்லை'.

இதில் இன்னொரு ஓரவஞ்சனையும் நடக்கிறது. பங்கு மொத்தமாகக் கைக்கு வராது, நான்கு ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் ஒன்றும் கிடையாது என்பது வெஸ்டிங் எனப்படும் வழக்கமான ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை டெக்னிகல் ஆளுக்கு மட்டும் எழுதிவிட்டு, ஐடியாக்காரர் தன் 90 சதவீதத்தை முதல் நாளே பையில் போட்டுக்கொள்கிறார். எட்டாவது மாதம் சலித்துப்போய் அவர் எம்.பி.ஏ. படிக்கக் கிளம்பினால் அந்தத் தொண்ணூறு யாருடையது? வெஸ்டிங் என்றால் இருவருக்கும் வெஸ்டிங். இதற்கு ஒப்பாதவரிடம் கூட்டு வைப்பதற்கு, அவரிடம் சம்பளத்துக்கே வேலை செய்துவிடலாம். மாதக் கடைசியில் பணமாவது வரும்.

3. இன்ஜினியர்கள் நிறைந்த ஊரில் கூட்டாளி கிடைக்கவில்லையே, ஏன்? எண்ணிக்கைக்கும் கூட்டுக்கும் தொடர்பில்லை என்பதுதான் காரணம். மேடவாக்கத்தில் வாங்கிய ஃபிளாட்டுக்கு இன்னும் பதினைந்து வருடம் இ.எம்.ஐ. பாக்கி, 90 நாள் நோட்டீஸ் பீரியட், பெண் பார்க்கும் வீட்டில் 'எந்தக் கம்பெனி' என்ற கேள்வி. இவையெல்லாம் சேர்ந்துதான் அந்த இன்ஜினியர். போதாததற்கு, சர்வீஸ் கம்பெனியில் பத்து வருடம் யாரோ எழுதியதைப் பராமரித்தவர் நல்ல இன்ஜினியராகவே இருக்கலாம். வெறுந்தரையிலிருந்து ஒரு பொருளை எழுப்பி அதற்குப் பதில் சொல்கிற பழக்கம் அவருக்கு வாய்க்காமல் போயிருக்கும். அது அவருடைய குறையன்று, அவர் பார்த்த வேலையின் இயல்பு. ரெஸ்யூமேயில் இந்த வித்தியாசம் தெரியாது. கல்லூரிப் பெயரிலும் தெரியாது: பன்னிரண்டாம் வகுப்பு, டிப்ளமா முடித்தவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து ஜோஹோ தனக்கான ஆட்களைத் தானே உருவாக்கிக்கொண்டு வருகிறது.

பிறகு எதில்தான் தெரியும்? கூட வேலை செய்து பார்த்தால் தெரியும். கிரீஷும் ஷான் கிருஷ்ணசாமியும் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கும்போது ஒருவருக்கொருவர் புதியவர்கள் அல்லர். ஒரே நிறுவனத்தில் ஒருவர் பொருளின் பொறுப்பிலும் மற்றவர் அதன் தொழில்நுட்பக் கட்டமைப்பிலும் இருந்து பழகியவர்கள். 2011இல் நால்வர் தொடங்கிய சார்ஜ்பீயிலும் சிலர் ஜோஹோவில் வேலை பார்த்தவர்கள். ஜாப்ஸும் வாஸ்னியாக்கும்கூட ஆப்பிளுக்குச் சில வருடம் முன்பே, தொலைபேசிக் கட்டணத்தை ஏய்க்கும் 'புளூ பாக்ஸ்' கருவியைச் செய்து மாணவர்களிடம் விற்றிருக்கிறார்கள். சட்டவிரோதமான சரக்குதான். ஆனாலும் யார் செய்வது, யார் விற்பது, மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் இருவரும் அதில் பார்த்துவிட்டார்கள்.

'அட்வென்ட்நெட்டில் இருந்தவர்கள் அண்ணன் தம்பிகள். அந்தக் கொடுப்பினை எல்லோருக்கும் உண்டா' என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஸ்ரீதரோடு அவருடைய சகோதரர்கள் குமாரும் சேகரும் இருந்தார்கள். டோனி தாமஸும் ஷைலேஷ் குமார் டேவியும் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். ரத்த உறவு தொடங்குவதற்குத் துணை செய்தது. ஆனால் உறவையோ நட்பையோ பொதுவிதியாக எடுத்துக்கொள்வது ஆபத்து. நிறுவனர்கள் குழுக்களைப் பல வருடம் ஆராய்ந்த நோம் வாஸர்மேன், 2012இல் வெளிவந்த 'தி ஃபவுண்டர்ஸ் டிலெமாஸ்' நூலில் நண்பர்களும் உறவினர்களும் சேர்ந்த குழுக்களைவிட முன்னாள் சக ஊழியர்கள் சேர்ந்தவை நிலையாக நிற்கின்றன என்று காட்டுகிறார். காரணம் புரியாததன்று. கூட வேலை பார்த்தவரிடம் 'நீ எழுதியது ஓடவில்லை' என்று சொல்லிப் பழக்கம் இருக்கும். மச்சானிடம் அதைச் சொல்ல வாய் வராது. வந்தால் அடுத்த தீபாவளிக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

4. ஆப் தயாரானதும் கோடிங் வேலை முடிந்ததா? இந்த நினைப்புதான் எல்லாத் தவறுக்கும் வேர். அட்வென்ட்நெட் முதலில் விற்றது நெட்வொர்க் கருவி செய்யும் நிறுவனங்களுக்கான சாஃப்ட்வேர். 2000க்குப் பின் டாட்-காம் சரிவில் அந்த வாடிக்கையாளர்களே ஒடிந்துபோனார்கள். அங்கிருந்து நிறுவனம் அலுவலக ஐ.டி. துறைகளுக்கான மேனேஜ்என்ஜின் பக்கம் திரும்பியது. 2005இல் ஜோஹோ ரைட்டரோடு இணையவழி அலுவலகச் செயலிகளுக்கு வந்தது. முதல் பொருளோடு டெக்னிகல் ஆட்களின் பங்கு முடிந்திருந்தால் இரண்டாவதையும் மூன்றாவதையும் செய்ய யார் இருந்திருப்பார்கள்? 2025 ஜனவரியில் ஸ்ரீதர் வேம்பு தலைமை விஞ்ஞானி பொறுப்புக்கு நகர்ந்தபோது சி.இ.ஓ. நாற்காலிக்கு வந்தவர், தொடக்ககால டெக்னிகல் ஆட்களில் ஒருவரான ஷைலேஷ் குமார் டேவி. 'முதல் வெர்ஷனுக்கு மட்டும்' என்று ஆள் தேடுகிறவர்கள் இந்த ஒரு தகவலை வைத்து யோசித்தால் போதும்.

மேலும், எழுதுவதும் முடிவெடுப்பதும் தனித்தனி வேலைகள் என்பது வெளியிலிருந்து பார்க்கும் தோற்றம். இரவு பதினொன்றரை மணி. வாடிக்கையாளரின் யு.பி.ஐ. கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. இந்தப் பக்கத்தில் ஆர்டர் பதிவாகவில்லை. பேமென்ட் கேட்வே 'பெண்டிங்' என்கிறது. ஆர்டரை ஏற்று அனுப்புவதா, பணம் உறுதியாகும்வரை நிறுத்திவைப்பதா? அனுப்பினால் பணம் வாடிக்கையாளருக்கே திரும்பிப் போகலாம். நிறுத்தினால் அவர் மறுபடி பணம் கட்டிவிட்டு, இரண்டு தடவை பிடித்துவிட்டார்கள் என்று சண்டைக்கு வருவார். இது தொழில் முடிவு; ஆனால் எழுதப்படும் இடம் சாஃப்ட்வேரின் உள்ளே. ஐடியாக்காரருக்கு இப்படி ஒரு கேள்வி எழுந்ததே தெரியாது. அன்று இரவு யார் பதிலை எழுதினாரோ அவர்தான் அந்த நிறுவனத்தை நடத்துகிறார்.

5. கூட்டாளியே வேண்டாம், வெளியில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பது இதே கருத்தின் மறுபக்கம். இரண்டு மூன்று லட்சத்துக்கு ஆப் செய்துதரச் சின்ன நிறுவனங்கள் இருக்கின்றன; இப்போது ஏ.ஐ. கருவிகளும் வந்துவிட்டன, சொன்னால் எழுதித் தருகின்றன. முதல் மாதிரியைச் செய்து நாலு பேரிடம் காட்டுவதற்கு இந்த வழி உண்மையிலேயே போதும், மறுக்க ஒன்றுமில்லை. கேள்வி அதற்கு அப்பால்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியதற்குப் பொதுவாக முதலாளியே முதல் உரிமையாளர். ஒப்பந்தக்காரருக்கு அந்த விதி பொருந்தாது. பணம் கொடுத்து எழுதவைத்தாலும், எழுத்து மூலம் கையெழுத்திட்டு மாற்றித் தராதவரை உரிமை எழுதியவரிடம்தான். மாற்றித் தரும் பத்திரத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 19ஆம் பிரிவின்படி அது ஐந்து ஆண்டுக்கு மட்டுமே. எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. வாட்ஸ்அப்பில் பேசி ஜி-பே மூலம் பணம் அனுப்பி வாங்கிய ஆப்பின் நிலை இதுதான். கூட்டாளி என்று வாய்வார்த்தையில் சேர்ந்தவர் கம்பெனி பதிவாகுமுன் சனி, ஞாயிறுகளில் எழுதியதற்கும் இதே சிக்கல் உண்டு. அவர் அப்போது வேறொரு கம்பெனி ஊழியராக இருந்தால், அவருடைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் அந்தக் கம்பெனி என்ன எழுதி வாங்கியிருக்கிறது என்பதையும் படிக்க வேண்டியிருக்கும்.

ஏ.ஐ. கருவி உரிமை கேட்டு வராது. ஆனால் பொறுப்பும் ஏற்காது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பாதுகாக்கத் தகுந்த ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. வாடிக்கையாளர்களின் கைபேசி எண்ணும் முகவரியும் எந்தச் சர்வரில், யார் கண்ணில் படும்படி கிடக்கின்றன என்று சொல்லத் தெரிந்த ஒருவராவது நிறுவனத்துக்குள் இருக்க வேண்டும். அவர் கூட்டாளியா சம்பளக்காரரா என்பது அடுத்த கேள்வி.

6. 'அப்படியானால் ஜோஹோவில் வேலை பார்க்காதவர்கள், இன்ஜினியர் சகாக்கள் இல்லாதவர்கள் தொழிலே தொடங்கக் கூடாதா?' எதிர்வாதங்களில் வலுவானது இது. தொடங்கலாம். ஆனால் தேடலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

தண்ணீர் லாரியை எடுத்துக்கொள்ளலாம். மேடவாக்கம், செம்பாக்கம், பள்ளிக்கரணை அடுக்ககங்களில் கோடைக்குக் கோடை டேங்கர்தான் கதி. லாரி புக் செய்ய ஓர் ஆப் என்ற ஐடியா யாருக்கும் தோன்றும். வழக்கமான பாதையில் போகிறவர் ஆறு மாதம் டெக்னிகல் கோ-ஃபவுண்டரைத் தேடுவார். மாற்றுப் பாதையில் ஐந்து அடுக்ககச் சங்கங்கள், மூன்று லாரி உரிமையாளர்கள், ஒரு வாட்ஸ்அப் குழு, ஓர் எக்ஸெல் தாள் போதும். ஒரு கோடையை ஓட்டிவிடலாம். ஓட்டும்போது ஐடியாவில் இல்லாத விஷயங்கள் வரிசையாக வரும். 12,000 லிட்டர் லாரி எல்லாத் தெருவிலும் திரும்பாது. சம்ப்பில் பாதி தண்ணீர் இருக்கும்போது லாரி வந்தால் மிச்சத்தை என்ன செய்வது? டிரைவர் எந்த ஆப்பையும் பார்க்க மாட்டார். வாட்ச்மேனுக்குத்தான் போன் போடுவார். வாட்ச்மேன் சம்ப் மூடியைத் திறந்து வைக்காவிட்டால் லாரி அடுத்த லோடுக்குப் போய்விடும். பணம் கொடுக்க வேண்டிய சங்கப் பொருளாளர் மாலை ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புவார். புக்கிங் ஒரு பிரச்சினையே இல்லை. லாரி வரும் நேரத்தைச் சரியாகச் சொல்வதும் கடனுக்குக் கணக்கு வைப்பதும்தான் பிரச்சினை என்று ஜூன் மாதத்துக்குள் தெரிந்துவிடும். செய்ய வேண்டிய சாஃப்ட்வேரே வேறு என்று அப்போது புரியும்.

அந்தக் கோடைக்குப் பின் ஓர் இன்ஜினியரிடம் பேசுகிறவர் வேறு ஆள். கையில் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் வரவு இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்ற தெளிவு இருக்கிறது. அந்த இன்ஜினியரும் வேலையை விட்டுவிட்டுக் குதிக்கத் தேவையில்லை; கடன் கணக்கை மட்டும் கவனிக்கிற ஒரு சின்னப் பகுதியை, பேசிய தொகைக்கு, உரிமையை எழுத்தில் மாற்றித் தந்து, இரண்டு மூன்று மாதத்தில் செய்து கொடுக்கலாம். அவர் கெடுவைக் காப்பாற்றுகிறாரா, முடியாததை முடியாது என்று முன்கூட்டியே சொல்கிறாரா, இவர் பேசிய பணத்தைப் பேசிய தேதியில் கொடுக்கிறாரா, வாடிக்கையாளர் திட்டியதை மறைக்காமல் வந்து சொல்கிறாரா என்று இருவரும் பார்த்துக்கொள்வார்கள். ஒத்துவந்தால் பங்குப் பேச்சு. அப்போதும் இன்ஜினியர் பத்து சதவீதத்துக்கு ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொள்ளவும் கூடாது. பாதிக்குப் பாதியோ அதற்குச் சற்றுக் குறைவோ கேட்பார். கொடுக்க மனம் வராவிட்டால் நியாயமான சம்பளத்துக்கு ஊழியராக வைத்துக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை. வரவு வரத் தொடங்கிய தொழிலுக்கு அது கட்டுப்படியாகும். அந்த ஊழியரை கோ-ஃபவுண்டர் என்று அழைக்க வேண்டிய அவசியமும் இராது.